மோட்டார் சைக்கிளுக்கு ஜி.பி.எஸ். வழிகாட்டி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடும்பயணம் போகிறவர்கள் வண்டியில் வழிகாட்டிக் கருவி பொருத்துவது குறித்து என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் அடியில் ஓர் அளவுகோல் உண்டு: ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு எவ்வளவு நேரம் விலகுகிறது என்பதே அது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது; திரையை இரண்டு நொடி உற்றுப் பார்த்தால் 33 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்போம்.

கடையில் ஜி.பி.எஸ். வேண்டும் என்று கேட்டால் திரையே இல்லாத ஒரு சிறு பெட்டியைக் காட்டுகிறார்கள். இதுதானா அது?

அது கண்காணிப்புக் கருவி. வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தன்னுள் இருக்கும் சிம் அட்டை வழியாக உங்கள் கைபேசிக்குத் தெரிவிக்கும், வண்டி களவு போனால் உதவும், வழி சொல்லாது. இரண்டு வகைக் கருவிகளும் ஒரே செயற்கைக்கோள்களைக் கொண்டு தம் இடத்தை அறிவதால் பெயரும் ஒன்றாகிவிட்டது. கடையில் ‘வழிகாட்டி’, ‘நேவிகேஷன்’ என்று கேளுங்கள்.

டவர் கிடைக்காத மலைப்பகுதியில் ஜி.பி.எஸ். வேலை செய்யுமா? என் கைபேசி அங்கே போனதும் வழிகாட்டுவதை நிறுத்திவிடுகிறதே?

ஜி.பி.எஸ். வேலை செய்யும். அதன் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் கருவி அவற்றைப் பெறுகிறதே தவிர, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் கிடைத்தால் இடம், உயரம், நேரம் மூன்றையும் அது கணக்கிட்டுக்கொள்ளும். இதற்குச் சிம் அட்டையும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

அங்கே நின்றுபோவது வரைபடம். கைபேசிச் செயலிகள் பலவும் போகப்போக வரைபடத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கின்றன; இணைப்பு அறுந்ததும் உங்கள் புள்ளி வெற்றுத் திரையில் நகரும், வழி மாறினால் புதிய வழி கணக்கிடப்படாது. புறப்படும் முன்பே பகுதி வரைபடத்தைக் கைபேசிக்குள் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பயன்படுத்தும் ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் முழு மாநிலத்தையோ நாட்டையோ சேமித்து, வழியையும் கைபேசிக்குள்ளேயே கணக்கிடும். கூகுள் மேப்ஸிலும் பகுதிகளைச் சேமிக்கலாம். ஆனால் இணைப்பில்லாதபோது நெரிசல் விவரம் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. கைபேசி தன் இடத்தைச் சட்டென்று அறிவதற்குக் காரணம், செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரத்தை அது இணையம் வழியே முன்கூட்டியே வாங்கிக்கொள்வதுதான். இணைப்பு இல்லாவிட்டால் அதே விவரத்தை ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் நேராகப் பெற வேண்டும். அதற்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அப்போது கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காமல், திறந்த வானத்தின் கீழ் சற்றுக் காத்திருங்கள்.

என்னிடம் நல்ல கைபேசி இருக்கிறது. தனிக் கருவி எதற்கு?

நகரத்துக்குள்ளும், நன்கு அறிந்த நெடுஞ்சாலையிலும், ஒரே நாளில் திரும்பிவிடும் பயணத்திலும் கைபேசியே போதும். நெரிசல் விவரத்திலும் முகவரி தேடுவதிலும் அதை மிஞ்சும் தனிக் கருவியை நான் பார்த்ததில்லை. தேவையில்லாதவரைத் தனிக் கருவி வாங்கச் சொல்வது எனக்கு உடன்பாடும் அன்று.

பல நாள் பயணம், கடும் வெயில், தொடர் மழை, கரடுமுரடான பாதை ஆகியவை சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. கார்மின் ஸூமோ, டாம்டாம் ரைடர் போன்ற கருவிகள் இந்தச் சூழலுக்காகவே செய்யப்பட்டவை: வெயிலிலும் தெரியும் திரை, கையுறையோடு தொட ஏற்ற பெரிய பொத்தான்கள், வண்டி மின்சாரத்தைக் கருவிக்குத் தரும் தொட்டில் (கருவி பொருந்தி உட்காரும் தாங்கி), வளைவு நிறைந்த சாலைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஆகியவை அவற்றில் இருக்கும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. வண்டி விழுந்தால் முதலில் அடிபடுவது ஹேண்டில்பாரும் அதில் மாட்டியிருப்பதும்தான். உதவிக்கு அழைக்க வேண்டிய அந்த நிமிடத்தில் கைபேசி உடைந்து கிடக்கக் கூடாது. ஒருமுறை மழையில் என் கைபேசி அணைந்தபோது, வழி மட்டுமன்றித் தங்குமிடத்தின் முகவரியும் அங்குள்ளவர்களின் எண்ணும் சேர்ந்தே போயின. அன்றிலிருந்து பேசும் கைபேசி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைபேசியில் வரைபடங்களைச் சேமித்து, அதை வழிகாட்டியாக மாட்டிக்கொள்ளுங்கள். முந்தைய விடையில் சொன்னபடி அதற்குச் சிம் அட்டை தேவையில்லை. முதன்முறையாக நெடும்பயணம் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஓரிரு பயணங்களுக்குப் பிறகு தனிக் கருவி வேண்டுமா என்பது தானே தெரிந்துவிடும்.

வண்டியில் மாட்டினால் கைபேசியின் கேமரா கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கை நடுக்கத்தைச் சரிசெய்வதற்காகப் பல கைபேசிகளின் கேமரா வில்லை காந்த விசையில் மிதந்தாற்போல் அமைக்கப்பட்டிருக்கிறது. என்ஜினின் அதிர்வு சட்டகம் வழியாகக் ஹேண்டில்பாருக்கு ஏறித் தொடர்ந்து தாக்கினால் அந்த நுண்ணிய அமைப்பு பழுதாகும். அதிக ஆற்றல் கொண்ட மோட்டார் சைக்கிள்களில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவுறுத்தியது. மொபெட், மின்சார ஸ்கூட்டர் போன்றவற்றின் அதிர்வு குறைவு என்றாலும், அவற்றிலும் அதிர்வு தாங்கும் மவுண்ட் வேண்டும் என்று அதே அறிவிப்பு கூறியது.

அதிர்வு தாங்கும் மவுண்ட் என்பது தாங்கிக்கும் கைபேசிக்கும் இடையே ரப்பர் அல்லது சிலிக்கோன் துண்டுகளை வைத்தது. அது ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஒற்றை சிலிண்டர் பெரிய என்ஜின் வண்டி வைத்திருப்பவர்கள் கேமராவைப் பொருட்படுத்தாத பழைய கைபேசியையோ தனிக் கருவியையோ பயன்படுத்துவதே நல்லது.

வெயிலில் கைபேசித் திரை மங்கிப்போகிறது, பிறகு அணைந்தே விடுகிறது. கவர் போட்டால் சரியாகுமா?

கவர் போட்டால் இன்னும் மோசமாகும். கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளவே அப்படிச் செய்கிறது. சூடு ஏறினால் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், அடுத்துச் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்துவிடும். ஐபோனைப் பயன்படுத்துவதற்குரிய சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்றே ஆப்பிள் குறிப்பிடுகிறது. நேர் வெயிலில், முழு வெளிச்சத்தில், சார்ஜ் ஏறியபடி, கண்ணாடித்தாள் பைக்குள் மூடிக்கிடக்கும் கைபேசி அந்த அளவை விரைவில் தாண்டிவிடும். நீர்புகாப் பையை மழைக்கு மட்டும் எடுங்கள். வெயிலில் காற்று படும் திறந்த பிடிப்பான் வேண்டும். கம்பியில்லாச் சார்ஜர் தானும் சூட்டைக் கிளப்புவதால் கோடையில் கம்பிச் சார்ஜரே மேல்.

தனிக் கருவி வாங்கும்போது திரையின் வெளிச்சம் எத்தனை நிட் என்று பாருங்கள். 1,000 நிட்டை ஒட்டிய திரை நண்பகலிலும் படிக்கத்தக்கதாக இருக்கும். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும் என்பதால், கருவியை வெளியே எடுத்துச்சென்று வெயிலில் பார்க்க விடும்படி கேட்பதில் தவறில்லை. கறுப்புக் கண்ணாடி முகமூடி உள்ள ஹெல்மெட் அணிபவர் அதையும் அணிந்துகொண்டே பார்க்க வேண்டும்.

ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறது. மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

ஐ.பி. என்பது தூசையும் தண்ணீரையும் கருவி எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் தரக் குறியீடு. முதல் எண்ணான 6 தூசு புகாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண்ணான 7, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தாலும் கெடாது என்பதைக் குறிக்கிறது. வேகமாக ஓடும் வண்டியில் மழை பீய்ச்சி அடிப்பது வேறு சோதனை. அதற்கு 5, 6 என்ற எண்கள் உள்ளன, 7 பெற்ற கருவி அவற்றிலும் தேறியது என்று கொள்ள முடியாது. இரண்டு சோதனைகளிலும் தேறிய கருவியில் இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும்.

அத்துடன், இந்தத் தரம் மூடிகள் மூடியிருக்கும் நிலைக்கு உரியது. யு.எஸ்.பி. துளையில் கம்பி செருகியிருந்தால் தண்ணீர் புக வழி திறந்தே இருக்கிறது. வெளிப்புறத் தொடுமுனைகள் வழியாகத் தொட்டிலிலிருந்து மின்சாரம் பெறும் தனிக் கருவிகளுக்கு இந்தக் குறை இல்லை.

மழைத்துளி விழுந்தாலே திரை தானாக எதையெதையோ அழுத்துகிறது. கையுறை போட்டால் எதுவுமே நகர்வதில்லை. என்ன செய்வது?

கைபேசித் திரை விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால் துளியை விரல் என்று எண்ணிவிடுகிறது. தடித்த கையுறை கடத்தாததால் விரலையே உணர்வதில்லை. கைபேசி அமைப்புகளில் ‘கையுறை முறை’ இருந்தால் இயக்கிப் பாருங்கள்; ஆனால் அது உணர்திறனைக் கூட்டுவதால் மழையில் தொல்லையும் கூடும். என் வழக்கம், புறப்படும் முன் வழியைப் போட்டுவிட்டு, ஓடும்போது திரையைத் தொடாமலே இருப்பது. மாற்ற வேண்டியிருந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன்.

எவ்வளவு பெரிய திரை வாங்குவது, எங்கே மாட்டுவது?

ஐந்து முதல் ஆறு அங்குலம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அளவைவிட இடம் முக்கியம். பெட்ரோல் தொட்டியின் மேல் வைக்கும் பைக்குள் இருக்கும் திரையைப் பார்க்கத் தலையையே குனிய வேண்டும். வேகமானிக்கு மேலே, சாலைக்கு நெருக்கமாக மாட்டிய திரையைக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்துவிடலாம். தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு நொடி, ஒரு நொடியாகச் சுருங்குவது இங்கேதான்.

மவுண்ட் வாங்கும் முன் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், 22 மி.மீ., 28.6 மி.மீ. இரண்டும் பரவலானவை. குழாய் ஹேண்டில்பார் இல்லாத வண்டிகளுக்கு முன்ஃபோர்க் தண்டின் துளையில் பொருத்தும் வகை உண்டு. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கருவி எதிலும் இடிக்கவில்லை, கம்பி இழுபடவில்லை, எச்சரிக்கை விளக்குகள் மறையவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். கைபேசிப் பிடிப்பான் என்றால், கைபேசியை வண்டியோடு பிணைக்கும் கயிறு ஒன்றையும் கூடுதலாகக் கட்டிவிடுங்கள்.

வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தால், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகுமா?

கம்பியை எங்கே இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சார்ஜர், அதில் எதுவும் செருகாதபோதும் சிறிதளவு மின்சாரத்தைக் குடிக்கும். அது 10 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி ஆகிறது. 8 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில் முழுதும் வடிந்துவிடும், அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட்டர் சுழல மறுக்கும். தினமும் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது; வண்டியை மூன்று வாரம் நிறுத்திவைப்பவருக்குத் தெரியும்.

ஆகவே சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும்படி, ரிலே (மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச்) வைத்து இணைக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அதுவும் பேட்டரி முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் கம்பி எங்கே உரசி அறுந்தாலும் தீப்பற்றாமல் காப்பது அது ஒன்றுதான். நான் பார்த்த பழுதுகளில் பல, கருவியில் ஏற்பட்டவை அல்ல; ஹேண்டில் திரும்பும் இடத்தில் கம்பி நசுங்கியதால் வந்தவை.

கைபேசிக்குச் சார்ஜர் வாங்குபவர் ஆம்பியரைப் பார்க்க வேண்டும். ஒரு ஆம்பியர் மட்டும் தரும் சார்ஜரில், திரை முழு வெளிச்சத்தில் எரியும்போது வரவைவிடச் செலவு மிகுந்து, சார்ஜில் இருந்தபடியே சதவீதம் இறங்கும். இரண்டு ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

காதில் வழி சொன்னால் போதாதா? திரை எதற்கு?

பலருக்குப் போதும், கண் சாலையிலேயே இருப்பதால் எனக்கு மிகவும் பிடித்த முறையும் இதுவே. ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ப்ளூடூத் ஒலிபெருக்கியும், சட்டைப் பையில் கைபேசியும் இருந்தால் வெயில், மழை, அதிர்வு பற்றி மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லாமல் போகும். ஐந்து கிளை பிரியும் சந்திப்பில்தான் குரல் மட்டும் தடுமாற வைக்கும். அங்கே ஒரு பார்வை திரை உதவும். காதுக்குள் செருகும் ஒலிப்பான்களைத் தவிர்த்து, ஹெல்மெட்டில் பதியும் வகையை வாங்குங்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழ வேண்டும். சில நாடுகளில் ஓட்டும்போது காதில் எதையும் அணியக் கூடாது என்ற விதி உண்டு என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ காட்டும் திரை ஒன்றை வாங்கினால் தனிக் கருவி வாங்கியது போல ஆகாதா?

பாதி ஆகும். கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கைபேசியின் செயலிகளை வேறொரு திரையில் காட்டும் வசதிகள். அந்தத் திரை வெயிலையும் மழையையும் தாங்கும், கைபேசி பத்திரமாகப் பையில் இருக்கும். அது பெரிய நன்மை. ஆனால் வரைபடம், வழிக் கணக்கு, இணையம் எல்லாமே கைபேசியினுடையவை. கைபேசியின் பேட்டரி தீர்ந்தாலோ, பைக்குள் சூடேறி அணைந்தாலோ திரையும் வெறுமையாகிவிடும். வரைபடங்களைக் கைபேசியில் முன்கூட்டியே சேமிக்கும் வேலையும் அப்படியே இருக்கிறது.

கார் கருவி ஒன்று சும்மா இருக்கிறது. அதையே மாட்டலாமா?

நான் மாட்டமாட்டேன். நீர்புகாத் தன்மை இல்லை, வெயிலில் திரை தெரியாது. பல கார் கருவிகள் குரலைத் தம் ஒலிபெருக்கியில் மட்டுமே ஒலிப்பதால் ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது.

ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலீலியோ என்று நிறைய பெயர் போட்டிருக்கிறார்கள். அதிகம் இருந்தால் அதிகத் துல்லியமா?

ஜி.பி.எஸ். அமெரிக்காவுடையது, குளோனாஸ் ரஷ்யாவுடையது, கலீலியோ ஐரோப்பிய ஒன்றியத்துடையது, பெய்டோ சீனாவுடையது. இந்தியாவுக்கு நாவிக் இருக்கிறது. பல அமைப்புகளின் அலைகளைப் பெறும் கருவிக்கு, மலை இடுக்கிலோ உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலோ வானத்தின் சிறு துண்டு மட்டும் தெரியும்போதும் தேவையான நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்துவிடும். திறந்தவெளியில் பெரிய வேறுபாடு இராது. அங்கே சாதாரணக் கைபேசியே ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

நகரத்தில் பிழைக்குக் காரணம், அலைகள் கட்டடங்களில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேர்வது. எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் கருவி இந்தப் பிழையைக் குறைக்கும். ஆனால் மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதில் எந்தக் கருவியும் குழம்பலாம். அங்கே பெயர்ப்பலகையை நம்புங்கள்.

வேகமானி 80 காட்டும்போது ஜி.பி.எஸ். 75 காட்டுகிறது. எது சரி?

நேரான, திறந்த சாலையில் சீராக ஓடும்போது ஜி.பி.எஸ். காட்டுவதே உண்மைக்கு நெருக்கம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதிகளில் உள்ளது. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கிறார்கள். சுரங்கப்பாதையிலும் திடீர் முடுக்கத்திலும் மட்டும் ஜி.பி.எஸ். வேகத்தை நம்ப வேண்டாம்.

நண்பர் தன் பயணத்தின் ஜி.பி.எக்ஸ். கோப்பை அனுப்பினார். என் கருவி அவர் போகாத வழியில் என்னை இழுத்துச்சென்றது. கோப்பு தவறா, கருவி தவறா?

இரண்டும் தவறில்லை. ஜி.பி.எக்ஸ். கோப்புக்குள் மூன்று வகைத் தரவு இருக்கலாம்: தனித்தனி இடங்கள், வழித்திட்டம், தடம். வழித்திட்டம் என்பது ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு’ என்ற சில கட்டளைகள் மட்டுமே. இடைப்பட்ட சாலையை உங்கள் கருவி தன் வரைபடத்தையும் தன் விருப்ப அமைப்புகளையும் கொண்டு புதிதாகக் கணக்கிடும். உங்கள் கருவியில் ‘மண்சாலை தவிர்’ என்றோ ‘விரைவான வழி’ என்றோ இருந்தால், நண்பர் ரசித்து ஓட்டிய மலைச்சாலையை விட்டு நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய்விடும். தடம் என்பதோ வண்டி சென்ற கோட்டின் ஆயிரக்கணக்கான புள்ளிகள். அது மாறாது, ஆனால் சில கருவிகள் தடத்தை வெறும் கோடாகக் காட்டுமே ஒழிய ‘இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்லாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியது, தடத்தைத் திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டும் பயணமாக மாற்றும் வசதி கருவியில் உண்டா என்பதையே. அது இல்லாவிட்டால் வழித்திட்டத்தில் கூடுதல் புள்ளிகளைச் சேருங்கள்: சந்திப்புகளின் மேலேயே வைக்காமல், சந்திப்பைத் தாண்டி நூறு மீட்டர் தள்ளி, நீங்கள் போக விரும்பும் சாலையின் மீதே வைத்தால் கருவிக்கு வேறு வழி தேட இடமிராது. குழுவாகப் போகிறவர்கள் முந்தைய இரவே எல்லாக் கருவிகளிலும் மொத்தத் தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் வேறுபட்டால் வழியும் வேறுபட்டிருக்கிறது.

பழைய தனிக் கருவி ஒன்று விலைக்கு வருகிறது. இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. வாங்கலாமா?

ஜி.பி.எஸ். அலையில் வாரங்களை எண்ணும் எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். அப்படி 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவிலும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில் வரும். இந்தத் திருப்பத்துக்கேற்ப மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் தேதியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னுக்குக் காட்டும். இடக்கணக்கு பெரும்பாலும் கெடாது. வந்துசேரும் நேரமும் பயணப் பதிவுகளின் தேதியும் தவறாகலாம்.

எனினும் அந்தத் தேதி ஒரு செய்தி சொல்கிறது: அந்தக் கருவிக்கு நெடுங்காலமாகப் புதுப்பிப்பு கிடைக்கவில்லை அல்லது யாரும் போடவில்லை. விற்பவரின் முன்னிலையிலேயே அதைக் கணினியில் இணைத்து, மென்பொருளும் புதிய வரைபடமும் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ‘ஆயுள் முழுவதும் வரைபடம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அது தயாரிப்பாளர் அந்தக் கருவிக்கு ஆதரவு தரும் காலத்தையே குறிக்கும். இறங்கினால், பேட்டரி வீங்கித் திரையைத் தள்ளவில்லை என்பதையும் தொட்டிலின் தொடுமுனைகள் துருப்பிடிக்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டு வாங்கலாம். இறங்காவிட்டால், மேலே சொன்ன பழைய கைபேசி வழியே உங்களுக்கு நன்றாக உழைக்கும்.